அப்பாவின் வேலைச்சொற்கள்

ஜனவரி 6, செவ்வாய்

அப்பா செய்த ஒரு சொல்லை நேற்றிலிருந்து நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், நாற்பதாயிரம், எங்கள் ஏஸ்டர்லோவில் மாடுகளையும் கோழிகளையும் சேர்த்து எண்ணினாலும் அத்தனை தேறாது!

சொல் இதுதான்: ஸ்ப்ரிங்கர். குதிப்பான். ரொட்டி டோஸ்டருக்கு அப்பா வைத்த பெயர். நேற்றுக் காலை இரண்டு துண்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை நடுவில் நின்றார். "அது எங்க... அது... குதிக்குமே. குதிப்பான். குதிப்பான் எங்க?" அம்மா அலமாரியைக் காட்டினாள். அவருக்குத் தான் ஒரு சொல் செய்தது தெரியவே தெரியாது. ரொட்டியைப் போட்டார், காத்திருந்தார், அது குதித்தது.

செப்டம்பரில் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கால் திரும்பிவிட்டது, கை திரும்பிவிட்டது, பொருள்களின் பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. கத்தி, கதவு, ஹாலந்து, ஞாயிற்றுக்கிழமை, என் பெயர், எல்லாம் போய்விட்டன. வினைகள் அப்படியே இருக்கின்றன. வெட்டுவது, திறப்பது, ஓடுவது. எங்கள் ஹாலந்து மொழியில் வினைக்கு 'வேலைச்சொல்' என்று பெயர், பள்ளிக்கூடத்தில் அது எனக்கு ஒரு அலுத்த பாடம். இப்போது பார்த்தால் வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பது அவை மட்டும்தான்.

பேச்சுப் பயிற்சி தரும் மிர்யம் வீட்டில் பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறாள். அதனால் போனில் நிறைய இருக்கிறது. அதிலிருந்து ஏழு விநாடி வெட்டி சொற்களைப் பற்றி நான் எழுதும் 'வேலைச்சொல் கடை' இணையப் பக்கத்தில் போட்டேன். அதுவரை கடைக்கு முந்நூறு பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள், அதில் பாதி பாவோவின் நண்பர்கள். (பாவோ கென்ட் நகரத்துக்காரன். நேரில் பார்த்ததில்லை. சொற்பிறப்பு அகராதியைக் கழிப்பறையில் வைத்துப் படிப்பவன்.) அவன் எழுதினான்: "ஃபென்னா, உங்க அப்பா ஒரு ஃபேக்டரிடி."

யார் குரல் என்று நான் போடவில்லை. 'வீட்டில் ஒருவர்' என்று மட்டும். அது போதும்தானே?

ஜனவரி 7, புதன்

நான் வேலை பார்க்கும் பேக்கரியில் மதியம் ஆள் இல்லை. மாவுப் பையின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

வினைக்குப் பின்னால் 'எர்' ஒட்டினால் செய்கிறவன் வருவான். சுடுகிறவன், ஓட்டுகிறவன். அப்பா அதை மனிதர்களுக்குக் கொடுக்காமல் சாமான்களுக்குக் கொடுக்கிறார். அழைப்பு மணிக்கு ஸ்க்ரிக்கர், திடுக்கிட வைப்பான். (உண்மைதான், அது அடித்தால் நானும் திடுக்கிடுகிறேன்.)

'செல்' ஒட்டினால் வேலை முடிந்தபின் மிஞ்சுவது. மரத்தை அறுத்தால் ஸாக்செல், மரத்தூள். நேற்று மேஜைமேல் சிதறிய ரொட்டித் தூளைத் துடைத்துக்கொண்டே 'ஸ்நைசெல்' என்றார். வெட்டியதில் மிஞ்சியது! எந்த அகராதியில் தேடுவேன்? ஆனால் கேட்ட உடனே எனக்குப் புரிந்தது. கேட்கிற எவருக்கும் புரியும். இல்லாத சொல் எப்படிப் புரிகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ரொட்டி விற்கலாம் போலிருந்தது.

முன்னால் 'கெ' போட்டால் வேறு கதை. அது ஓயாத வேலை, எரிச்சல் ஊட்டும் வேலை. நடப்பதன்முன் 'கெ' போட்டால், சும்மா போவதும் வருவதுமாக இருக்கிற அந்த நடை. புலம்புவதன்முன் போட்டால் ஓயாத புலம்பல். அப்பாவுக்கு முன்பெல்லாம் அதுதான் பிடித்த வகை, செய்தி பார்க்கும்போது வரிக்கு ஒன்று வரும். செப்டம்பருக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஏன்? எரிச்சலுக்கு மூளையில் தனி அறையா?

மிர்யமிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி," என்றாள். தெரியாது என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தெரிந்திருக்கலாம்.

ஜனவரி 10, சனி

இன்று எங்களுக்கும் பெயர் வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட வாயெடுத்தார், பெயர் வரவில்லை, கையை ஆட்டினார், பிறகு: "கேக்குறவளே, இங்க வா."

வ்ராக்ஸ்டர்! கேள்வி கேட்கிறவள். 'ஸ்டர்' பெண்பால், இப்போது யாரும் அவ்வளவாகப் போடாத விகுதி. அதைத் தேடிப்பிடித்து எனக்குப் போட்டிருக்கிறார்.

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் யாரு?"

யோசிக்கவே இல்லை. "மொப்பெரார்." முணுமுணுக்கிறவன்.

"நல்லா இருக்குங்க," என்றாள் அம்மா. "அவளுக்குப் பொம்பளைப் பேரு, எனக்கு ஆம்பளைப் பேரா?"

"நீ... முணுமுணுக்கும்போது... ஆம்பள மாதிரி."

அம்மா சிரித்துவிட்டாள். ஈரத் தோலை அவர்மேல் எறிந்தாள். நான் மட்டும் வேறு காரணத்துக்காகச் சிலிர்த்துப்போய் நின்றேன். முணுமுணுக்கும் அந்த வினைக்கு 'எர்' ஒட்டாது, 'ஆர்'தான் ஒட்டும். எதற்கு எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமைக்கு என்ன பெயர் என்று தெரியாதவருக்கு.

அப்போதுதான் ஹார்ம் வந்தார். ஊர் ஐஸ் சறுக்குச் சங்கத்தின் தலைவர். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார், காபி, ஒரு பிஸ்கட். சறுக்குவதற்காகப் புல்வெளியில் தண்ணீர் தேக்கியாகிவிட்டது, அடுத்த வாரம் குளிர்ந்த கிழக்குக் காற்று வரும் என்கிறார்கள், உறையலாம். சுற்றி வளைத்து அப்பாவிடம் வந்தார்.

"எக்பெர்ட், இந்த வருஷம் நம்ம சங்கத்து ரூலோஃப் ஐஸைப் பாத்துக்கட்டுமே? நீ பக்கத்துல நின்னுக்க."

நான் பிறந்த வருஷத்திலிருந்து அப்பாதான் ஐஸ் மாஸ்டர். தண்ணீர் முழங்கால் அளவுதான், யாரும் மூழ்கப்போவதில்லை. ஆனால் ஐஸ் பதமாகும் முன் கூட்டம் ஏறினால் உடைந்துவிடும். உடைந்தது மறுபடி உறைந்தால் கரடுமுரடாகக் கிடக்கும், அந்தக் குளிர்காலத்துக்கு அவ்வளவுதான். சில வருஷங்களில் ஐஸே வருவதில்லை, வருகிற வருஷத்தில் இரண்டோ மூன்றோ நாள்தான். அதனால் எங்கள் ஊரில் வேலிக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். யாராக இருந்தாலும், தலைவரே ஆனாலும். "போகலாமா?" ஐஸ் மாஸ்டர் பதில் சொல்லும்வரை ஒருவரும் கால் வைப்பதில்லை.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "நான். நான் நடக்குறேன். நான்... கேக்குறேன். அது பேசுது. நான் கேக்குறேன்."

"கேக்குறது சரிப்பா. நீ சொல்லணுமே. முந்நூறு பேரு நிப்பாங்க."

"சொல்லுவேன்."

ஹார்ம் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சரி. உறையட்டும், பாப்போம்."

அவர் போனபின் அப்பா கொட்டகைக்குப் போய் ஐஸில் துளை போடும் கைத்துரப்பணத்தை எடுத்துவந்து எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார். இருட்டும்வரை. அவருக்கு இந்தக் குளிர்காலத்தில் வேறு எதுவும் வேண்டாம். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

ஜனவரி 11, ஞாயிறு

பக்கத்தில் மேலும் மூன்று சொற்கள் போட்டேன். மூன்றும் அப்பாவின் குரலில். பாவோ: "அடுத்தது எப்ப?"

ஜனவரி 13, செவ்வாய்

குளிர் வருகிறது. பேக்கரியில் எல்லோரும் போனில் வெப்பநிலையைக் காட்டிக்கொண்டே ரொட்டி வாங்குகிறார்கள், ஒருவர் மைனஸ் நான்கு என்றால் அடுத்தவர் என் போனில் மைனஸ் ஆறு என்று பெருமையடிக்கிறார்.

பாவோவுடன் ஒரு மணிநேரம். 'ஃபோர்ஸ்ட்', உறைபனிக்கான சொல், அது 'வ்ரீஸென்' என்ற வினையிலிருந்து வந்தது. உறைதல். எழுத்துகள் நடுவழியில் இடம் மாறிக்கொண்டனவாம். ஆயிரம் வருஷமாக வாயில் போட்டு உருட்டியதில் வினை தேய்ந்து பெயராகிவிட்டது. அதே போலத்தான் 'குன்ஸ்ட்'. கலை. அது எதிலிருந்து தெரியுமா? 'குன்னென்' — முடிவது, இயல்வது. அருங்காட்சியகத்தில் மாட்டி வைத்திருப்பதெல்லாம் யாரோ ஒருவரால் முடிந்தது, அவ்வளவே.

அப்படியென்றால் அப்பா செய்வது புதிது அல்ல. எல்லாப் பெயர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கிளம்பியிருக்க வேண்டும். யாரோ ஒருவருக்குப் பெயர் கிடைக்காமல், அது என்ன செய்கிறது என்று மட்டும் தெரிந்து... பாவோ, "எல்லாப் பெயரும் இல்லடி, கொஞ்சம் அடங்கு," என்றான். சரி, எல்லாம் இல்லை. நிறைய.

ஜனவரி 15, வியாழன்

எழுத முடியுமா தெரியவில்லை.

சங்கக் கொட்டகையில் எல்லோரும் சாயங்காலம் கூடியிருந்தோம். விளக்குச் சரம் கட்டுவது, சூப் விற்கும் கடைக்குப் பலகை அடிப்பது. அப்பாவும் வந்திருந்தார், ஐஸ் மாஸ்டருக்குச் சங்கம் தந்த நீல மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு. நன்றாகத்தான் இருந்தார். ஆணிகளைப் பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டு பலகை அடித்தார்.

ரூலோஃப் கெட்டவன் இல்லை. அவன் மேஜைமேல் இருந்த டோஸ்டரைக் காட்டி, "எக்பெர்ட் அண்ணே, அந்தக் குதிப்பானை இப்படித் தள்ளுங்க," என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஏன் என்று தெரியாமல்.

"அண்ணே, நீங்க இப்ப ஊரறிஞ்ச ஆளு. என் மச்சான் ராட்டர்டாம்ல இருந்து அனுப்பியிருக்கான் பாருங்க." போனை நீட்டினான். அமுக்கினான்.

*அது எங்க... அது... குதிக்குமே...*

அப்பா கேட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ரூலோஃபிடம், ரொம்ப மரியாதையாக:

"யாரு பேசுறது? பாவம்."

ரூலோஃபின் முகம் செத்துப்போயிற்று. போனில் அது இன்னொரு முறை ஓடியது, தானாகவே, அப்படித்தானே ஓடும் அந்தக் கண்றாவி. இரண்டாம் முறை அவருக்குத் தெரிந்துவிட்டது. குரல் தெரிந்தது. நம்ம வீட்டு அடுக்களைச் சத்தம் தெரிந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையிலும் போன்தான் இருந்தது.

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன். அவருக்குத் தன் பேச்சு எப்படிக் கேக்குதுன்னே தெரியாதே. அத ஊரு மொத்தத்துக்கும் போட்டுக் காட்டி, கடைசில அவருக்கு—

ஜனவரி 16, வெள்ளி

மைனஸ் ஐந்து. அப்பா பேசவில்லை.

ஜனவரி 17, சனி

பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அதனால் என்ன, மற்றவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள், பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். ஒருத்தி 'குதிப்பான்' என்று எழுதிய பனியனே விற்கிறாள்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பாத்திரம் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நாலு மாசமாடி. ஒவ்வொரு வார்த்தையா நான் ஊட்டிக்கிட்டு இருக்கேன். சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறக்குறாரு, பேச மாட்டேங்குறாரு இப்ப. ஒனக்கு அது விளையாட்டு."

"விளையாட்டு இல்லம்மா. எனக்கு அது அழகா இருந்துச்சு."

"அழகா இருந்தா? பக்கத்து வீட்டுத் தோட்டமும் அழகாத்தான் இருக்கு, போய்ப் பறிப்பியா?"

சாயங்காலம் நான் முன்னறையில் போனைத் தொட்டதும் அப்பா நாற்காலியிலிருந்து ஒரே ஒரு சொல் சொன்னார். இரண்டு நாளில் முதல் சொல்.

"கெடேல்."

பகிர்வதன்முன் 'கெ'. சதா சர்வகாலமும் பகிர்ந்து தொலைக்கிற இந்தப் பகிர்வு. செப்டம்பருக்குப் பிறகு முதல் 'கெ', அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை, அவ்வளவு கச்சிதம். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே என் தலைக்குள் ஒருத்தி, 'வந்துவிட்டது, எரிச்சலும் திரும்பி வந்துவிட்டது' என்று குதித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன ஜென்மம்?

பாவோவிடம் சொல்லவில்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஹார்ம் வந்தார். ஐஸ் நன்றாகப் பிடிக்கிறதாம். அவர் எதுவும் கேட்பதற்குள் அப்பா எழுந்து போய், எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த துரப்பணத்தையும் அளவுக்கம்பியையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். நீலச் சட்டையை மடித்து அதன்மேல் வைத்தார்.

"டேய், நான் அதுக்கு வரலடா," என்றார் ஹார்ம்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹார்ம் பிஸ்கட்டைத் தொடாமல் போனார். ஆக, ரூலோஃப்.

ஜனவரி 19, திங்கள்

இன்று பேக்கரிக்குப் போகும் முன்பு அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் ரசித்தார்கள், கேலி செய்யவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நான் பேசுறேன். எனக்கு ஓடுது. உள்ள... நல்லா ஓடுது. அதுல கேட்டேன். ஓடல. நின்னு நின்னு... முட்டுது. எனக்குத் தெரியாது. நீங்கல்லாம்... கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு மட்டும் தெரியாது."

தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் செய்யுறேன். நீ எடுக்குற." என் போனைச் சுட்டிக்காட்டினார். "நீ கேக்கல."

அவ்வளவுதான். போனில் சேர்த்து வைத்திருக்கிற அவருடைய சொற்களை எல்லாம் திறந்தேன். "இப்பக் கேக்குறேன்பா. ஒவ்வொண்ணா. வச்சுக்கலாமா, வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. குதிப்பான்?"

"வேண்டாம்."

"திடுக்கிட வைப்பான்?"

"வேண்டாம்."

"ரொட்டித் தூள்? அம்மாவுக்கு வச்ச பேரு?"

"வேண்டாம். வேண்டாம்."

ஒவ்வொன்றையும் அவர் கண்ணெதிரே அழித்தேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்வானேன், அவற்றில் சில திரும்ப வராத சொற்கள். பாதிக்குமேல் போனபின் கவனித்தேன், அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வாயெடுப்பதற்குள் "வேண்டாம்" வந்தது. கடைசி ஒன்றுக்கு உதட்டோரம் லேசாகக் கோணியது. அனுபவிக்கிறார் மனுஷன்.

பேக்கரியில் வுபி அத்தை கறுப்பு ரொட்டி வாங்க வந்தாள். அப்பாவுக்கு அக்கா, நாக்கு கொஞ்சம் நீளம். "பேசுறானா?"

"கேட்டா பேசுறார் அத்த. ஆமா, இல்லைன்னு திருத்தமா சொல்றார். தடுமாறவே இல்ல."

"அவன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்குறது இல்ல, அதான்," என்றாள் அத்தை. "எல்லாரும் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. இது டீ, இது காபின்னு. எனக்கே வாய் மூடிக்கும்."

ஜனவரி 21, புதன்

வேலிக்கு வெளியே ஊரே நின்றது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையாம், பேக்கரியும் பதினொரு மணிக்கு மூடிவிட்டது. எல்லோர் தோளிலும் சறுக்குக் காலணிகள் தொங்கின. பட்டாணி சூப் கொதிக்கிற வாசனை. அம்மா வற்புறுத்தியதால் அப்பா வந்திருந்தார், வீட்டுக் கோட்டில், கூட்டத்தின் கடைசியில், யாரோ போல.

ரூலோஃப் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே நடந்தான். துளை போட்டான், கம்பியை விட்டு அளந்தான். இன்னொரு இடத்தில் அளந்தான். திரும்பி வந்தான், மறுபடி போனான். குளிரில் கால்கள் தரையைத் தட்டத் தொடங்கின.

"என்னப்பா, முட்டை வைக்கவா போற?" என்று ஒருவர்.

"போகலாமா, ரூலோஃப்?" என்று ஹார்ம் முறைப்படி கேட்டார்.

ரூலோஃப் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் கூட்டத்தின்மேல் ஓடியது. அவனுக்குப் பெயர்கள் எல்லாம் தெரியும், பேச்சு நன்றாக வரும், ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனால் முடியவில்லை. முந்நூறு பேரின் குளிர்காலத்தை ஒரு வாயில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அப்போது அத்தை. கூட்டத்தின் நடுவிலிருந்து, பின்பக்கம் திரும்பி, மீன் சந்தையில் கூப்பிடுவது போல:

"எக்பெர்ட், போகலாமா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பாவுக்கு முகம் சிவந்தது. வேண்டாம், இப்படிச் செய்யாதே அத்தை என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன், அவர் திரும்பி வீட்டுக்கு நடந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

துளையைப் பார்க்கவில்லை. நடந்தார், நின்றார், நடந்தார். வடக்கு மூலையில் குனிந்து உள்ளங்கையை வைத்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை தும்மியது, அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். அவர் திரும்பி வந்து வேலிக்கு உள்பக்கம் நின்றார், ரூலோஃபின் பக்கத்தில்.

"இல்ல."

பிறகு அவரே தொடர்ந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே.

"பிடிக்குது. தாங்கல. இன்னும்... உறையணும். நாளைக்கு. நாளைக்கு வந்து கேளுங்க."

நின்று நின்றுதான் வந்தது. இடையில் முட்டியது. அது முட்டுவது இப்போது அவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே சொன்னார்.

முதலில் திரும்பியது வுபி அத்தை. "கேட்டாச்சு, பதில் வந்தாச்சு. எனக்கு வீட்ல வேலை கெடக்கு." பிறகு ஹார்ம். பிறகு எல்லோரும். காலணிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுங்க, பிள்ளைகள் முணுமுணுக்க, முந்நூறு பேர் வந்த வழியே நடந்தார்கள். ஒருவர்கூட 'ஏன்' என்று கேட்கவில்லை, 'நிச்சயமா' என்று கேட்கவில்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பியில் கையுறை ஒட்டிக்கொண்டது.

ரூலோஃப் மேல்சட்டையைக் கழற்றினான். "புடிங்க அண்ணே. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. இந்த வேலைய மனுஷன் பாப்பானா." பிறகு, தரையைப் பார்த்து: "அன்னைக்கு... தெரியாமப் போட்டுக் காட்டிட்டேன்."

அப்பா சட்டையை வாங்கினார். துரப்பணத்தை வாங்கவில்லை. "நீ துளைக்கிற. நான் கேக்குறேன்."

ஜனவரி 22, வியாழன்

பாவோவிடம் எல்லாம் சொன்னேன், 'கெடேல்' உள்பட. அதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். ("சொல்லு. அதச் சொல்லு," என்றார்.) பாவோ முதலில் 'கெடேல்' என்று மட்டும் திருப்பித் தட்டினான். பிறகு: "நேத்து ஐஸ் நிஜமாவே தாங்கியிருக்காதா?"

தெரியவில்லை. தாங்கியிருக்கலாம். யாரும் ஏறவில்லையே, இனி யாருக்கும் தெரியாது.

இன்றும் கேட்டார்கள். இன்றும் "இல்ல". வேலிக்கு வெளியே சூப்பைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

விடியும்போதே வெளியே போயிருந்தார். நான் எழுந்து வரும்போது பூட்ஸோடு அடுக்களையில் நிற்கிறார். அம்மாவுக்குத் தரையைப் பற்றி அக்கறையே இல்லை, அவர் கையைப் பிடித்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கையுறை போடாமல் போயிருக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள்.

"கேக்குறவளே. எழுது."

"எதுலப்பா?"

போனைக் காட்டினார். "அதுல. எல்லாருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். "குரலா, எழுத்தா?"

யோசித்தார். "எழுது."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். நான் நடுவில் 'அற்புதமான' என்று ஒன்றைச் சேர்த்தேன், படித்துக் காட்டியதும் அதை எடுக்கச் சொன்னார். 'வ்ரீஸ்செல்' என்று ஒன்று வந்தது, உறைந்ததில் கிடைத்தது, இரவு பிடித்த புது ஐஸ். "இத வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காக்க வைத்தார். பிறகு தலையாட்டினார். பின்பகுதி என்னுடையது, அதையும் படித்துக் காட்டினேன், அதற்கும் சரி என்றார். போட்டது இதுதான்:

*ஏஸ்டர்லோவில் இருந்து, ஐஸ் மாஸ்டர் எக்பெர்ட் சொல்வது: உறைந்துவிட்டது. வ்ரீஸ்செல் நன்றாக இருக்கிறது. தாங்குகிறது. வரலாம். பத்து மணிக்குமேல் வாருங்கள், வேலிக்கிட்ட நின்று கேளுங்கள், கேட்டுவிட்டு ஏறுங்கள். விழுந்தால் எழுந்திருங்கள்.*

*வேலைச்சொல் கடையிலிருந்து, அவர் மகள் ஃபென்னா: இங்கே முன்பு இருந்த குரல்கள் இனி இல்லை. எடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது பெயர் கிடைக்காமல், அது என்ன செய்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லைச் செய்திருப்பார்கள். எனக்கு எழுதுங்கள். எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், 'வேண்டாம் என்றார்' என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். அதையும் கடையில் வைக்கிறேன்.*